த்ராட்டிலைத் தொடாத மனிதர்

படகுக்கு பிரேக் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள் பார்க்கலாம்?

தினமும் காலையும் மாலையும் ஏறி இறங்குகிறீர்கள். ஓட்டுநரின் அறைக்குப் பின்னால் நின்றுகொண்டு அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறீர்கள். துறையை நெருங்கும் நேரத்தில் எஞ்சின் சத்தம் கொஞ்சம் உயர்ந்தால் போதும், "தொடாதே, தொடாதே" என்று ஒரே குரலில் கத்துகிறீர்கள். எதைத் தொடக் கூடாது? ஏன் தொடக் கூடாது? தொடாவிட்டால் படகு எப்படி நிற்கும்? உங்களில் ஒருவருக்கும் பதில் தெரியாது. தெரியாத ஒன்றை இவ்வளவு உரக்கச் சொல்கிற கூட்டத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பதிலைச் சொல்லிவிடுகிறேன். படகுக்கு பிரேக் கிடையாது. முன்னே போகும் படகை நிறுத்த வேண்டுமானால் தண்ணீருக்கடியில் சுழலும் விசிறியைத் திருப்பிச் சுழல வைக்க வேண்டும். விசிறி தண்ணீரை அள்ளிப் பிடித்தால் படகு நிற்கும். பிடிக்காவிட்டால் போய்க்கொண்டே இருக்கும். இதில் கைராசி ஒன்றும் இல்லை, அனுபவத்தின் மகிமையும் இல்லை. இவ்வளவு சின்ன விஷயத்தை வாழ்நாள் முழுக்கத் தெரிந்துகொள்ளாமல், 'தலைமை ஓட்டுநர்' என்று சட்டையில் பித்தளைப் பட்டை குத்திக்கொண்டு திரிந்த ஒருவரின் கதை இது. நீங்கள் அவரைத் 'தொடாதவர்' என்று கூப்பிடுகிறீர்கள். அதுவும் மரியாதையாக.

தொடாதவர் தாய்மாமனின் சிபாரிசில் படகில் கயிறு போடும் வேலைக்கு வந்தவர். மாமனின் இன்னொரு சிபாரிசில் ஓட்டுநர் ஆனார். நீங்கள் இன்றைக்கும் ஏறுகிற அதே டீசல் படகுதான். பெயின்ட் மட்டும் மாறியிருக்கிறது. முழுக்க இரும்பு. ஆட்கள், சைக்கிள்கள், மூட்டைகள் எல்லாவற்றையும் வயிற்றில் அடைத்துக்கொண்டு முகத்துவாரத்தைக் கடக்கும். ஓட்டுநருக்கு முன்னால் ஸ்டியரிங்கும் இரண்டு கம்பிகளும் உண்டு. கியர் கம்பி, முன்னால் போவதா பின்னால் போவதா சும்மா கிடப்பதா என்று சொல்லும். த்ராட்டில் கம்பி, எவ்வளவு வேகம் என்று சொல்லும்.

ஓட்டுநரான புதிதில் அவர் செய்த காரியம் இது. துறைக்கு இன்னும் கொஞ்சம் தூரம் இருக்கிறதே என்று அவசரப்பட்டு த்ராட்டிலை ஒரு தள்ளு தள்ளினார். படகு பாய்ந்தது. டிக்கெட் அறையின் சுவர் பெயர்ந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த டிக்கெட்காரர் நாற்காலியோடு வெளியே வந்தார். அன்றைய மேலாளர் முரடர். துறையில் எல்லோருக்கும் முன்னால் நிறுத்தி, இனிமேல் கரைப் பக்கத்தில் அந்தக் கம்பியில் கை பட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்றார். அன்றிலிருந்து இவர் தொடவில்லை.

அந்த உயர்ந்த கலை பிறந்த கதை இவ்வளவுதான். திட்டு வாங்கிய ஒருவரின் பயம்.

அந்தப் படகைப் பொறுத்தவரை பயம் சரியாகத்தான் வேலை செய்தது. டீசல் எஞ்சினுக்கு மெதுவாகச் சுற்றும்போதே நல்ல பலம் உண்டு. அதன் விசிறியும் பெரியது, ஒரு மேசையின் அகலம். த்ராட்டிலைத் தொடாமல் கியரை மட்டும் போட்டால், விசிறி சோம்பேறித்தனமாகச் சுற்றும். அந்தச் சோம்பலுக்கே அத்தனை இரும்பும் நகரும். ரிவர்ஸ் போட்டால் அதே சோம்பலோடு தண்ணீரை அள்ளும், படகு நிற்கும். கியரைப் போடு, எடு, போடு, எடு. தொலைவிலேயே கணக்குப் போட்டு ஆரம்பித்தால் பக்கத்தில் வரும்போது செய்வதற்கு ஒன்றுமே இருக்காது. நல்ல முறைதான். நான் குறை சொல்லவில்லை. ஏன் என்று தெரிந்து செய்கிறவனுக்கு அது அறிவு. தெரியாமல் செய்கிறவனுக்கு அது வெறும் பழக்கம். இவர் அந்தப் பழக்கத்துக்குக் கிரீடம் சூட்டினார்.

துறையை நெருங்கும்போது வலது கையைத் த்ராட்டிலிலிருந்து எடுத்துக் காற்றில் தூக்கிப் பிடிப்பார். எல்லோரும் பார்க்கும்படியாக. இடது கை மட்டும் கியரில் இருக்கும். படகு துறைச் சுவரில் தொங்கும் டயர்களில் மெத்தென்று போய் ஒட்டும். நீங்கள் "அடடா" என்பீர்கள். பிறகு அவர் தலைமை ஓட்டுநர் ஆனார், துறையில் நீல நிறத்தில் ஒரு பலகை ஏறியது: 'துறையில் த்ராட்டிலைத் தொடாதே.' கீழே காரணம் எழுதவில்லை. காரணம் யாருக்கு வேண்டும்? அதன் அடியில் நின்று படகுக்குக் காத்திருந்தே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது.

வீட்டிலும் அவர் எதையும் தொட்டதில்லை. துடைப்பத்தைத் தொட்டதில்லை, சாப்பிட்ட தட்டைத் தொட்டதில்லை, எட்டினால் கிடைக்கும் தண்ணீர்ச் செம்பைத் தொட்டதில்லை. அவர் மனைவி எடுத்துக் கொடுப்பார். பழுது பார்க்கும் கொட்டகைக்குப் பின்னால் ஊழியர் குடியிருப்பில் இரண்டு அறை வீடு. சுவரைத் தடவினால் கையில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும். ஒரே மகன் அந்தக் கொட்டகையில் மெக்கானிக். எஞ்சினைப் பிரித்துப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டத் தெரிந்தவன். அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுகிறவன். அவனைப் பற்றி இதற்கு மேல் நல்லதாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. கெட்டதாகச் சொல்வதைப் பிறகு சொல்கிறேன்.

மருமகள் வேறு வார்ப்பு. அவள் அப்பா ஒரு சிறிய பெட்ரோல் படகு வைத்திருந்தார். வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்குக் காய்கறி, ரொட்டி, குடிதண்ணீர், கடிதம் எல்லாம் கொண்டுபோய்க் கொடுக்கும் படகு. கப்பலின் பக்கவாட்டில் ஒட்டி நிற்பது துறையில் நிற்பதைவிடக் கடினம். கப்பலும் ஆடும், படகும் ஆடும். பாவாடை கட்டிய வயதிலிருந்து அந்த ஸ்டியரிங்கைப் பிடித்தவள் அவள். அப்பாவுக்குக் கண் மங்கியதும் படகு போயிற்று. கல்யாணம் ஆயிற்று. அதன்பின் அவள் கையில் கிடைத்தது கரண்டி. அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. அதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும்படியே சொல்வாள்: மறுபடியும் ஒரு படகு ஓட்ட வேண்டும். மாமியார் அது பல்வலி போலத் தானாகப் போய்விடும் என்று நினைத்தார்.

அப்போதுதான் போக்குவரத்து அலுவலகம் புதிதாக ஒரு பெட்ரோல் படகு வாங்கியது. நோயாளிகளையும் அவசரக்காரர்களையும் விரைவாக அக்கரை சேர்க்க. வெள்ளை ஃபைபர் உடம்பு, தண்ணீர் மேல் தக்கை மாதிரி கிடக்கும். ஓட்டுநர் வேலை ஒன்றே ஒன்று. துறையில் படகைக் கட்டிக் காட்டும் சோதனையில் தேற வேண்டும். இரண்டு வாய்ப்புதான், இரண்டிலும் தவறினால் மறுபடி விண்ணப்பிக்க முடியாது. மருமகள் விண்ணப்பித்தாள். சோதிப்பவர் யார்? தலைமை ஓட்டுநர். மாமனாரேதான். இது முறையா என்று ஒருவரும் கேட்கவில்லை. வீட்டுக்குள்ளேயே நடக்கிற விஷயம் என்று மேலாளருக்கு நிம்மதி.

சோதனை நாளன்று துறையில் நல்ல கூட்டம். நீங்கள்தான். வேலைக்குப் போகாமல் நின்றீர்கள். அவள் படகில் ஏறியதும் முதலில் எஞ்சின் பெட்டியின் மூடியைத் திறந்து, குனிந்து முகர்ந்து பார்த்தாள்.

"என்னம்மா, குழம்புல உப்பு சரியா இருக்கா?" என்றார் தொடாதவர். கரை முழுக்கச் சிரித்தது.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் வெளியே போகாமல் படகின் அடியில் தேங்கி நிற்கும். ஒரு பொறி பட்டால் போதும், படகு இருந்த இடத்தில் படகு இருக்காது. டீசல் அப்படிப் பற்றாது. அதனால் டீசல்காரருக்கு மோப்பம் தேவைப்பட்டதில்லை. அவள் ஆவியை வெளியேற்றும் சின்ன மின்விசிறியைப் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அதற்கும் சிரித்தீர்கள். அவளுக்குப் படகில் வியர்க்கிறதாம்.

அக்கரை போய்த் திரும்பினாள். காற்று பக்கவாட்டில் அடித்தது. துறை நெருங்கியதும் கியரை எடுத்தாள். இலேசான படகு காற்றில் நழுவ ஆரம்பித்தது. ஸ்டியரிங்கை ஒடித்து, ரிவர்ஸ் போட்டு, த்ராட்டிலை ஒரு கணம் அழுத்தி விட்டாள். எஞ்சின் ஒரு முறை உறுமியது. படகு அப்படியே நின்றது. இன்னொரு சின்ன உறுமல்; பின்பக்கம் தானாகத் துறையோடு வந்து ஒட்டியது. துறையில் கயிறு போடுகிறவர் கயிற்றை வீசக்கூட வேண்டியிருக்கவில்லை. கையில் கொடுப்பது போல மாட்டினார்.

ஆனால் உங்கள் காதில் விழுந்தது உறுமல் மட்டும்தான். "ரேஸ் குடுக்கிறா! தொட்டுட்டா, தொட்டுட்டா!" திருடனைப் பிடித்தது மாதிரி கத்தினீர்கள். படகு டயரில் ஒரு கீறல்கூட விழாமல் நின்றுகொண்டிருந்தது. கண்ணெதிரே நிற்கிற படகை நம்பாமல், தலைக்கு மேலே தொங்கும் பலகையை நம்பினீர்கள்.

தொடாதவர் வருத்தமான முகத்தை வைத்துக்கொண்டார். "தொட்டுட்டியேம்மா."

"தொடலன்னா நிக்காது மாமா."

"எனக்கு இத்தனை வருஷமா நிக்குதே?"

"உங்க படகு நிக்கும். இது நிக்காது. இதோட விசிறி சின்னது, எஞ்சின் மெதுவா ஓடும்போது பலமே இருக்காது. கொஞ்சம் ரேஸ் குடுத்தாத்தான் தண்ணியப் பிடிக்கும்."

"படகுன்னா படகுதாம்மா. உள்ள என்ன எண்ணெய் எரியுதுன்னு தண்ணிக்குத் தெரியுமா?"

மறுபடியும் சிரிப்பு. மேலாளரும் சிரித்தார். நல்ல வசனம்தான், அதில் இருக்கும் ஒரே குறை, தண்ணீருக்குத் தெரியும் என்பது. எந்த விசிறி எவ்வளவு பலத்தோடு தள்ளுகிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். வயதும் பித்தளைப் பட்டையும் அதற்குத் தெரியாது.

முதல் வாய்ப்பில் அவளைத் தோற்கடித்ததோடு அவர் நிறுத்தியிருக்கலாம். கைதட்டல் விடவில்லை. "எப்படின்னு காட்டறேன், பாத்துக்கோ" என்று சொல்லிப் படகில் ஏறினார். மூடியைத் திறக்கவில்லை, முகரவில்லை. அவள் கரையிலிருந்து சொன்னாள்: "காத்து அடிக்குது மாமா. கடைசில ரிவர்ஸ்ல கொஞ்சம் ரேஸ் குடுங்க, போதும்." அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தொலைவில் ஒரு வட்டம் அடித்துத் திரும்பி வந்தார். வழக்கமான இடத்தில் கியரை எடுத்தார். வழக்கமான இடத்தில் வலது கையைக் காற்றில் தூக்கினார். நீங்கள் "அடடா" என்று சொல்லத் தயாராக வாயைத் திறந்தீர்கள். காற்று படகின் மூக்கைப் பிடித்துத் திருப்பியது. அவர் ரிவர்ஸ் போட்டார். சின்ன விசிறி தண்ணீரைச் சுரண்டியது. படகு நிற்கவில்லை. கியரை எடுத்து மறுபடி போட்டார். மறுபடியும் சுரண்டல். த்ராட்டில் அவர் தூக்கிய கைக்கு ஒரு சாண் கீழே இருந்தது. ஒரு சாண்! அதைத் தொட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அவர் தொடவில்லை. கியரை முரட்டுத்தனமாக இழுத்ததில் எஞ்சின் இருமிவிட்டு அணைந்தது.

கயிறு போடுகிறவர் பதறிப்போய், வருகிற படகைத் தள்ளி நிறுத்தலாம் என்று காலை நீட்டினார். நீட்டக் கூடாது. எந்தப் படகுக்கும் காலை நீட்டக் கூடாது. இதற்குத்தான் ஒரு பலகை வேண்டும். அதை யாரும் எழுதவில்லை. படகுக்கும் துறைச் சுவருக்கும் நடுவில் அவர் கணுக்கால் சிக்கியது. அந்தச் சத்தத்தை நீங்களும் கேட்டீர்கள்.

அந்த நேரத்திலும் தொடாதவரின் வலது கை காற்றில்தான் இருந்தது.

இனிமேல் நடந்ததுதான் எனக்கு அதிகம் கசக்கிறது. ஒரு மனிதன் பிடிவாதத்தால் தவறு செய்வது புதிதல்ல. அந்தத் தவறை ஓர் ஊரே சேர்ந்து குளிப்பாட்டி, துடைத்து, பவுடர் போட்டு எடுத்ததுதான் புதிது.

முதலில் காற்று காரணமாயிற்று. பிறகு, படகுக்கு ராசி இல்லை என்றார்கள். பிறகு, ஒரு பொம்பளை முதலில் ஏறி ஓட்டிய படகு வேறு எப்படிப் போகும் என்றார்கள். டீக்கடையில் இதைச் சொன்னவர் ஓர் ஆசிரியர். அவர் பாடம் நடத்தும் பிள்ளைகளுக்காக நான் இரங்குகிறேன். மருமகள் ஏதோ முணுமுணுத்ததைக் கேட்டதாகவும் ஒருவர் சொன்னார். அவள் முணுமுணுக்கவில்லை. 'ரிவர்ஸில் ரேஸ் கொடுங்கள்' என்று வாய் திறந்து சொன்னாள்.

விசாரணை என்ற பெயரில் மேலாளர் ஆஸ்பத்திரிக்குப் போனார். காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்த கயிறு போடுகிறவர்தான் முக்கிய சாட்சி. இனிமேல் நேராக நடக்க முடியாது என்று டாக்டர் அவரிடம் அன்று காலைதான் சொல்லியிருந்தார். இவராவது உண்மையைச் சொல்லுவார் என்று நினைப்பீர்கள்.

"அண்ணன் மேல தப்பே இல்ல சார்," என்றார் அவர். "நான் பாத்துக்கிட்டே இருந்தேன். அவர் த்ராட்டிலத் தொடவே இல்ல. படகுதான் சரியில்ல."

நொறுங்கிய காலை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் இதைச் சொன்னார். தொடவே இல்லை! அதுதான் தொடாதவர் செய்த குற்றம். அதையே அவருக்கு ஜாமீனாகக் கொடுத்தார். மேலாளருக்கும் அது போதுமானதாக இருந்தது. தொடவில்லை, ஆகவே குற்றம் இல்லை.

இப்போது மகனைப் பற்றிச் சொல்கிறேன். அன்று மாலை வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். தொடாதவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமியார்தான் ஆரம்பித்தார்: "நீ அந்தப் படகுல ஏறாம இருந்திருந்தா அவர் எதுக்கு ஏறப் போறாரு?" மருமகள் கணவன் பக்கம் திரும்பினாள்.

"நீங்கதானே ரெண்டு விசிறியையும் கழட்டி மாட்டினீங்க. புதுப் படகோட விசிறி எவ்வளவு பெருசுன்னு கையால காட்டுங்க."

அவனுக்குத் தெரியும். இரண்டையும் தூக்கியவன் அவன். பழைய படகின் விசிறியைத் தூக்க நான்கு பேர் வேண்டும். இதை அவன் ஒரு கையில் எடுத்துப்போய் மாட்டினான். இரண்டு எஞ்சின்களும் மெதுவாக ஓடும்போது எது தள்ளும், எது தள்ளாது என்று அந்த ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவன் அவன்தான். அவன் கைகள் எழுந்தன. ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்கு விரிந்தன. அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். கைகள் மடங்கின. "அதெல்லாம் இப்ப எதுக்கு," என்றான்.

தெரியாதவரை நான் மன்னிக்கத் தயார். தெரிந்துகொண்டு கையை மடக்குகிறவனை என்ன செய்வது?

அவள் அழுதாள் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். அழவில்லை. தட்டுகளைக் கழுவினாள். மறுநாள் காலை மேலாளரின் அறைக்குப் போனாள். இரண்டாவது வாய்ப்பு இன்னும் பாக்கி இருக்கிறது, அதைப் பழைய டீசல் படகில் நடத்துங்கள் என்று கேட்டாள். வெள்ளைப் படகு பழுது பார்க்கும் கொட்டகையில் மூக்குடைந்து கிடந்ததால் மேலாளருக்கு இது வசதியாக இருந்தது. தொடாதவரிடம் கேட்டார்கள். அவர் மறுக்கவில்லை, உள்ளுக்குள் குளிர்ந்துபோனார். சின்னப் படகிலேயே தொட்டவள் பெரிய படகில் தொடாமல் இருப்பாளா? தொட்டால் என்ன ஆகும் என்பது அவருக்கு மட்டும் நன்றாகத் தெரியும். டிக்கெட் அறைச் சுவரை அவர் மறந்திருக்கவில்லை.

அவள் அதற்கு முன் டீசல் படகு ஓட்டியதில்லை. சோதனைக்கு முந்திய நாட்களில் தினமும் பயணியாக ஏறினாள். மாற்று ஓட்டுநர் வேலை பார்க்கும் நேரமாகப் பார்த்து ஏறினாள். அறைக்கு வெளியே ஜன்னலை ஒட்டி நின்று, எந்த இடத்தில் கியரை எடுக்கிறார், எடுத்த பிறகும் படகு எவ்வளவு தூரம் தானாகப் போகிறது, ரிவர்ஸ் போட்டு எத்தனை மூச்சுக்குப் பிறகு தயங்குகிறது என்று பார்த்தாள். நீங்களும் அதே ஜன்னலில்தான் நின்றீர்கள், அவளைவிட அதிக காலமாக. நீங்கள் பார்த்தது காற்றில் தூக்கிய கையை.

மாற்று ஓட்டுநர் ஒரு நாள் ஆளில்லாத சவாரியில் ஸ்டியரிங்கை அவளிடம் விட்டார். "அவசரப்படாதம்மா, இது யானை மாதிரி, நெனச்சு முடிச்ச பிறகுதான் நிக்கும்" என்றார். அவர் பெயரை யாரும் பலகையில் எழுதப் போவதில்லை. அவர் அதைக் கேட்கவும் இல்லை.

இரண்டாவது சோதனை. அதே கூட்டம், அதே மேலாளர், அதே மாமனார். கயிறு போடுகிறவர் ஊன்றுகோலோடு வந்து பலகைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் இடத்தில் கயிற்றோடு நின்றது தொடாதவரின் மகன்.

அவள் அக்கரையிலிருந்து வந்தாள். துறைக்கு வெகு தூரத்திலேயே கியரை எடுத்தாள். அத்தனை இரும்பும் அத்தனை ஆட்களோடு வந்த வேகத்தில் வழுக்கிக்கொண்டே வந்தது. தொடாதவர் த்ராட்டிலையே பார்த்துக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றார். படகு சரியாக வராமல் போகுமோ என்று அவருக்குப் பயம் இல்லை. சரியாக வந்துவிடுமோ என்றுதான் பயம். ஒரு கணம் ரிவர்ஸ் போட்டாள், எடுத்தாள். பெரிய விசிறி தண்ணீரை அள்ளியது. படகின் பின்னால் நுரை பொங்கியது. காத்திருந்தாள். இன்னொரு முறை போட்டாள், எடுத்தாள். இரும்புப் படகு டயரில் சாய்ந்து உட்கார்ந்தது. த்ராட்டிலை அவள் தொடவே இல்லை. ஆனால் கையைத் தூக்கிக் காட்டவும் இல்லை. வேலை முடிந்த கை மடியில் கிடந்தது.

கரை அதிர்ந்தது. கைதட்டினீர்கள். விசில் அடித்தீர்கள். மேலாளர் படகுக்கே வந்து கைகொடுத்தார்.

"பாத்தீங்களா, இப்ப சரியாக் கத்துக்கிட்டீங்க."

"இது வேற படகு சார்," என்றாள் அவள். "இதுல தொடக் கூடாது. அதுல தொட்டாகணும்."

"அதேதாம்மா நானும் சொல்றேன். இவ்வளவு பெரிய படகையே தொடாம நிறுத்திட்டீங்க. அந்தச் சின்னப் படகை நிறுத்த முடியாதா?"

இந்தக் கேள்வியை நான் பல முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு சின்ன வாக்கியத்துக்குள் இதைவிட அதிகமான மடத்தனத்தை அடைக்க முடியாது. கனமானதை அந்த முறையில் நிறுத்த முடிந்தது அது கனமாக இருப்பதால் அல்ல. அதன் எஞ்சினும் விசிறியும் அப்படிப்பட்டவை என்பதால். மேலாளர் நியமனத் தாளை நீட்டினார். அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் போட்டாள். அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. உண்மைக்காகக் கிடைக்கவில்லை. திருந்திவிட்டாள் என்று எல்லோரும் நம்பியதால் கிடைத்தது.

அன்று மாலை டீக்கடையில் தொடாதவர், "நம்ம கைதான் அதுக்கும் வந்திருக்கு" என்றார். வீட்டில் சொல்லிச் சொல்லித் திருத்தியதாகவும் சொன்னார். நீங்கள் தலையாட்டினீர்கள். அவருக்கு ஒரு சால்வை வாங்கிப் போடலாமா என்று ஒருவர் கேட்டார். போட்டும்விட்டீர்கள். மருமகளைப் படகோட்ட அனுமதித்த பெருந்தன்மைக்காக.

வெள்ளைப் படகு சரியாகி வந்தது. அவள் முதல் நாள் ஓட்டினாள். படுக்கையில் ஒரு நோயாளி, பக்கத்தில் அவர் மகள், இன்னும் சிலர். காற்று இருந்தது. துறை நெருங்கியது. கியரை எடுத்தாள், ரிவர்ஸ் போட்டாள், த்ராட்டிலை ஒரு கணம் அழுத்தினாள். படகு நின்றது. நோயாளியின் தலையணை அசையவில்லை.

கரையிலிருந்து முதல் குரல் வந்தது, டிக்கெட் ஜன்னலிலிருந்து. கால் போன கயிறு போடுகிறவருக்கு இப்போது அங்கேதான் வேலை. "தொடாதே!" என்று கத்தினார் அவர். பிறகு எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். பழைய புத்தி போகுமா என்றார்கள். நோயாளியின் மகளும் சேர்ந்து கத்தினாள், அப்பாவின் படுக்கையைப் பிடித்துக்கொண்டே. மருமகளின் கணவன் துறையில் கயிற்றோடு நின்றான். வாயைத் திறக்கவில்லை. நன்றாக முடிச்சுப் போட்டான் என்று மட்டும் சொல்லலாம்.

மருமகள் இன்றும் ஓட்டுகிறாள். தினமும் அந்த உறுமலைக் கொடுக்கிறாள், தினமும் நீங்கள் கத்துகிறீர்கள். புகார்கள் சேர்ந்துகொண்டே வருகின்றன. இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் மேலாளர் அவளை இறக்கிவிட்டுத் 'தொடாத' யாரையாவது ஏற்றுவார். அன்றைக்கு யார் கால் போகும் என்று எனக்குத் தெரியாது. உங்களுடையதாகவும் இருக்கலாம்.

தொடாதவர் ஓய்வு பெற்றுவிட்டார். மாலையில் அந்தச் சால்வையோடு பலகையின் கீழே வந்து உட்காருகிறார். வெள்ளைப் படகு வந்து நிற்கும்போது வலது கையைக் காற்றில் தூக்கிக் காட்டுகிறார், இப்படித்தான் என்பது போல.

பலகையைக் கழற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. அதில் எழுதியிருப்பது பொய் அல்ல, பாதி. நாளைக் காலை படகுக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு சுண்ணாம்புக் கட்டி எடுத்துப் போங்கள். வரிசையில் நிற்கிற நேரத்தில் அந்த வாசகத்துக்குக் கீழே எழுதுங்கள்: 'டீசல் படகுக்கு மட்டும்.' யாராவது ஏன் என்று கேட்டால் விசிறியைப் பற்றிச் சொல்லுங்கள். கைகளை விரித்து அகலத்தைக் காட்டுங்கள், யார் பார்த்தாலும் மடக்காதீர்கள். அழித்துவிட்டால் மறுநாள் மறுபடி எழுதுங்கள். வெள்ளைப் படகு உறுமிக்கொண்டு கரையில் நிற்கும்போது, தயவுசெய்து, வாயை மூடிக்கொண்டு இறங்குங்கள்.